ஸ்டெர்லிங்கின் பந்தைப் பிடித்தவன்

கேலன் வீட்டுப் பையனுக்குக் கேக் செய்தது ட்ரீனாதான். தன் பிள்ளையை எந்தக் காலேஜும் ஏனென்று கேட்காத வருஷத்தில், அக்கா பிள்ளை சேரப்போகிற பெரிய பல்கலைக்கழகத்தின் நிறத்தில் சர்க்கரை குழைத்து, மூன்றடுக்குக் கேக். நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனபோது அவள் கை மணிக்கட்டுவரை நீலமாக இருந்தது.

"என்னம்மா, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சியா?" என்றேன்.

"மார்லா கேட்டா, ஆர்வில். அக்கா கேக்குறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் புருஷன் ராய்ஸ் மேசையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் எலி மருந்தும் சேத்துக் குழைச்சுடு," என்றான். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெய்லரில் குடியிருக்கிறவன். எட்டாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு அதே பள்ளிக்கூடத்துக்கு முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், இன்னும் ஓட்டுகிறேன். வெளியூர் ஆட்டங்களுக்குப் பையன்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. ஞாயிறும் புதனும் ட்ரீனா கையால் சாப்பாடு. மற்ற நாள் டப்பாவைத் திறந்து தின்பேன். என்னை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் என் முன்னால் எல்லாம் பேசுவார்கள்.

எங்கள் ஊர் ஹேல்ஸ் ஃபெரி. ஸ்நேக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வெங்காயம், அந்தப் பக்கமும் வெங்காயம். ராய்ஸ் குத்தகை நிலத்தில் வெங்காயம் போடுகிறவன். அவன் சகலை கேலன் வெங்காய ஷெட்டுக்காரன். ராய்ஸ் விளைவித்தது கேலன் ஷெட்டுக்குத்தான் போயாக வேண்டும். இது பெரிசு, இது சிறிசு, இது அழுகல் என்று பிரிப்பது கேலன் ஆட்கள். அக்காவை ஒருத்தனும் தங்கையை ஒருத்தனும் கட்டியிருக்கிற இடத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட ராய்ஸ் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிள்ளை. கேலன் மகன் ஸ்டெர்லிங், இடது கைக்காரன், ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். பேஸ்பாலில் பந்து எறிகிறவன், பிட்சர். ராய்ஸ் மகன் கோல்பி, சில மாசம் இளையவன், மூட்டை மாதிரி அகலம். கேட்சர். முகத்துக்குக் கம்பி மூடி மாட்டிக்கொண்டு, குந்த வைத்து உட்கார்ந்து, அண்ணன்காரன் எறிவதைப் பிடிக்கிறவன். ஷெட்டுச் சந்தில் வெங்காயப் பெட்டிகளுக்கு நடுவே சின்ன வயசில் ஆரம்பித்தது. அந்தச் சந்தில் அன்றைக்கு எப்படி நின்றார்களோ அப்படியே பன்னிரண்டாம் கிளாஸ் வரைக்கும் நின்றார்கள்.

எறிகிறவன் மூஞ்சியை ஊர் பார்க்கும். பிடிக்கிறவன் முதுகைத்தான் பார்க்கும். வேகம் அளக்கிற துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள், கோல்பி முதுகுக்குப் பின்னால் வேலியோரம் உட்காருவார்கள், ஸ்டெர்லிங் கையை அளந்துவிட்டுப் போவார்கள். அளந்த பந்து எல்லாம் விழுந்தது கோல்பி கையில். அவன் இடது ஆள்காட்டி விரல் அடிபட்டு அடிபட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

நவம்பரில் பள்ளிக்கூட லைப்ரரியில் அந்தத் தொப்பி விழா நடந்தது. எங்கள் பக்கம் இது ஒரு பழக்கம். காலேஜ் டீமில் சேருகிற பையன் மேசையில் உட்காருவான், அம்மா அப்பா இரண்டு பக்கமும், கூட ஆடுகிறவர்கள் பின்னால். அந்தக் காலேஜ் தொப்பியை எடுத்து மாட்டுவான், எல்லாரும் கை தட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். ஸ்டெர்லிங் மாட்டினான். பின்வரிசையில் கோல்பி பலூன் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டோவில் அவன் மூஞ்சிக்கு நேராக ஒரு பலூன். எனக்கு அன்றைக்கே ஒரு எண்ணம் ஓடியது. தொப்பி கடையில் விற்கிற சாமான். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் என்னை யார் கேட்டார்கள், கேக்கைத் தின்றேன்.

அதற்கு மறுவாரம்தான் ட்ரீனா அந்தப் பேச்சை எடுத்தாள். மாட்டுக்கறி கைமாவின் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி அடுப்பில் சுட்டிருந்தாள். தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மிஸ் ஒகாமுராவைப் பாத்தேன்." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலேஜ் வழி சொல்லுகிற அம்மா அவள். "ரெண்டு சேஃப்டி காலேஜாவது பாத்து வைங்கன்னா."

"என்னது?" என்றான் ராய்ஸ்.

"கண்டிப்பா இடம் கிடைக்கணும். நம்மால கட்ட முடியணும். அங்க டீமுக்குக் கேட்சர் தேவைப்படணும். மூணும் ஒண்ணா இருக்கிற இடமாப் பாக்கணுமாம். இடம் கிடைச்சு டீம்ல ஆள் நிறைஞ்சிருந்தா அது சேஃப்டி இல்ல. டீம்ல கூப்பிட்டு, காலேஜ் இடம் குடுக்கலன்னாலும் இல்ல. மலை மேல சர்ச்சுக்காரங்க காலேஜ் ஒண்ணு இருக்காம்."

"சேஃப்டியாம். சைக்கிள் பழகுற பிள்ளைக்குப் பக்கத்துல சின்னச் சக்கரம் மாட்டுற மாதிரி." ராய்ஸ் முள்கரண்டியை வைத்தான். "அந்த வீட்டுப் பையன் பெரிய பல்கலைக்கழகம். என் பையன் எவனும் கேள்விப்படாத மலை மேல ஒரு பஜனை மடத்துக்கா? ஊர்ல எங்க சேந்திருக்கான்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"ஊர் உன்கிட்ட கேக்காது ராய்ஸ். ஊருக்கு வேற வேலை இருக்கு."

"கேலன் கேப்பான். சிரிச்சுக்கிட்டே கேப்பான். கோல்பியும் அங்கயே போகட்டும். அவங்க கூப்பிடாட்டி என்ன, போய் நின்னு, என்னையும் பாருங்கன்னு ஆடிக் காட்டட்டும்."

"அங்க மொதல்ல இடம் கிடைக்கணும். இவன் மார்க்குக்கு அது லாட்டரி."

"அவன் மார்க் மட்டும் என்ன வாழுது? அவனுக்குக் கிடைக்கல?"

"அவனை அவங்க டீம் கேக்குது, உள்ள இழுக்குது. இவனை யார் இழுக்குறா?"

அது உண்மைதான், ஆனால் பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தான். கோல்பி தட்டைப் பார்த்துத் தின்றுகொண்டே இருந்தான். ட்ரீனா அவன் தோளில் கை வைத்தாள். அவன் தோளைக் குலுக்கி அதைத் தள்ளினான்.

அவள் விடவில்லை. "முகத்துக்கு மூடி, நெஞ்சுக்குத் தட்டு, காலுக்குக் கவசம், சொல்லக் கூடாத இடத்துக்கும் ஒண்ணு. இத்தனையும் மாட்டிக்கிட்டுத்தான உன் பிள்ளை பத்து வருஷமா உக்காந்திருக்கான்? அது உனக்குக் கேவலமா இல்ல. இது மட்டும் கேவலமா?"

ராய்ஸ் எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போனான்.

கோல்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, அவன் எங்கயும் சேஃப்டிக்குப் போட்டிருக்கானா?"

"யாரு?"

"ஸ்டெர்லிங்."

"அவன் எதுக்குப் போடணும்?"

"அதான்," என்றான். "அவன் எதுக்குப் போடணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ட்ரீனா போனும் கையுமாக இருந்தாள். பள்ளிக்கூட மெஸ்ஸில் பாத்திரம் கழுவி முடிந்த பிறகு, அங்கேயே ஏப்ரனோடு உட்கார்ந்து ஒவ்வொரு காலேஜ் கோச்சாகக் கூப்பிடுவாள். முதல் ஒருத்தன் சொன்னானாம்: "அம்மா, ஆடப்போறது நீங்களா, உங்க பையனா? அவனைப் பேசச் சொல்லுங்க." இன்னொருத்தன் எடுக்கவே இல்லை. கோல்பியைப் பேச வைக்க அவள் பட்ட பாடு பெரிய பாடு. போனைக் கொடுத்தால் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வான். கடைசியில் இரண்டு இடம் தேறியது.

ஒன்று மலை மேல், லூத்தரன் சர்ச்சுக்காரர்கள் நடத்துகிற சின்னக் காலேஜ். வாத்தியார் வேலைக்குப் படிக்க நல்ல இடம். ஏப்ரலிலும் பனி. மைதானத்தில் விளக்குக்கூடக் கிடையாது, இருட்டினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அங்கே இருந்த இரண்டு கேட்சரும் அந்த வருஷம் படிப்பு முடிந்து போகிறார்கள். இன்னொன்று கொலம்பியா ஆற்றங்கரையில். வெயில், புல்வெளி, நல்ல சாப்பாடு என்றார்கள். ஆனால் அங்கே கேட்சர் ஏற்கெனவே இரண்டு பேர். இடது கையால் எறிகிறவன்தான் இல்லை.

"கோல்பி, மிஸ் ஒகாமுரா ஒண்ணு கேக்கச் சொன்னா," என்றாள் ட்ரீனா. "நாளைக்கே கால் ஒடிஞ்சு, இனிமே ஆடவே முடியாதுன்னு வையி. அப்பவும் அந்த ஊர்ல நாலு வருஷம் இருப்பியா?"

"ஆத்தங்கரைல இருக்க மாட்டேன். ரெண்டு பேருக்குப் பின்னால மூணாவதா உக்காரணும். ஒருத்தன் பின்னால உக்காந்ததே போதும்."

"நான் கால் ஒடிஞ்சா என்னன்னு கேட்டேன்."

"அதுக்கும் அதான் பதில்."

ஆற்றங்கரைக்கு வேண்டாமென்று சொன்னான். மலைக்கு விண்ணப்பம் போட்டான். இடம் கிடைத்துவிட்டது. டீமில் சேர்ப்பதை மட்டும், நேரில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான் அந்தக் கோச். ஹாகன் என்று பேர். ஏப்ரலில் வருகிறேன் என்றானாம். வருகிறேன் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒரு வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸுக்குள் வேர்வையும் சூரியகாந்தி விதைத் தொலியுமாக நாறியது. பையன்கள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, கோல்பி வந்து என் பின் சீட்டில் உட்கார்ந்தான். வெளியே காற்று மண்ணை வாரி ரோட்டில் எறிந்துகொண்டிருந்தது.

"பெருசு."

"சொல்லு."

"ஸ்டெர்லிங் கை போச்சு."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கில வேகம் குறையல. அதான் யாருக்கும் தெரியல. ஆனா பந்து செத்து வருது. கைல விழும்போது முன்ன ஒரு கடி கடிக்கும், இப்ப கடிக்கல. முழங்கை கீழ இறங்குது. ஒவ்வொரு பந்துக்கும் இறங்குது. அவனுக்கு வலிக்குது பெருசு. கேட்டேன். வாயத் தொறந்தேன்னா கொன்னுடுவேன்னான்."

"கோச்கிட்ட சொல்லிட்டுப் போ."

"சொன்னா என்ன சொல்வாங்க? பொறாமைல சொல்றான்னுவாங்க."

"பொறாமை இல்லியா?"

"நைட்டு தூங்கும்போது நினைக்கிறேன், அவன் கை சடக்குன்னு ஒடியுற மாதிரி. நினைச்சா நல்லாத் தூக்கம் வருது. போதுமா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஏப்ரலில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். வெங்காயத்துக்கு முதல் தண்ணீர். வளைந்த அலுமினியக் குழாயை வாய்க்காலுக்குள் முக்கி, ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, ஒரு இழுப்பு இழுத்துக் கரைக்கு இந்தப் பக்கம் போட்டால் தண்ணீர் தானாகச் சாலில் ஏறி ஓடும். அப்பனும் மகனும் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனார்கள். தண்ணீர் பனிக்கட்டி. நான் கரையில் நின்று குழாய் எடுத்துக் கொடுத்தேன். அங்கே வைத்துத்தான் கோல்பி ஸ்டெர்லிங் கை விஷயத்தை அப்பனிடம் சொன்னான்.

ராய்ஸ் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூஞ்சியில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நாள் முழுக்கக் குனிந்த மனுஷன் இடுப்பை நிமிர்த்தும்போது வருமே, அந்த மாதிரி.

"யார்கிட்ட சொன்ன?"

"பெருசுகிட்ட."

"அண்ணே, நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"எனக்கு யார் இருக்கா சொல்ல?" என்றேன்.

"அப்ப வாயப் பொத்து," என்றான் மகனிடம். "நீ சொன்னா உன் பேர் கெடும். சொல்லாம விட்டா அவனாவே விழுவான். நம்ம கை அதுல படவே வேணாம்."

"கை போயிடும்ப்பா. சுத்தமாப் போயிடும்."

"அவங்கப்பனுக்கு ஷெட் இருக்கு. கை எதுக்கு?"

கோல்பி அடுத்த குழாயை முக்கினான். ஒரே இழுப்பில் தண்ணீர் ஏறவில்லை. மறுபடி இழுத்தான். மறுபடியும் ஏறவில்லை. குழாயைக் கரையில் வீசிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

ஹாகன் சொன்ன வாரமே வந்துவிட்டான். ஆனால் எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு உள்ளூர் ஆட்டம். வேலியோரம் பெரிய பல்கலைக்கழகத்து ஆள், நீலத் தொப்பி, கையில் துப்பாக்கி. கேலன் அவனுக்குச் சொரீசோ என்கிற மசாலாக் கறி வைத்த ரொட்டி வாங்கிக்கொடுத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் மூன்று வரிசை மேலே. ட்ரீனாவும் மார்லாவும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தங்கை அப்படித்தான், எத்தனை மனஸ்தாபம் இருந்தாலும் குளிருக்கு ஒரு கம்பளி.

நான் பஸ் பக்கம், இடது கோட்டோரம் நின்றேன். அங்கே தரையில் ஒரு ஆள் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி இல்லை, தொப்பியில் எழுத்து இல்லை. இன்ஷூரன்ஸ் விற்க வந்தவன் என்று நினைத்தேன். பிளாஸ்க்கில் இருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன், குளிரில் நடுங்கினான் என்பதற்காக.

"அந்தக் கேட்சர், ஒவ்வொரு பந்துக்கும் அவனோட முழங்கையையே பாக்குறான்," என்றான் அவன்.

"உனக்கென்ன அதைப் பத்தி?"

"சும்மா கேட்டேன்."

நான் பிளாஸ்க்கை மூடி எடுத்துக்கொண்டேன்.

நாலாவது இன்னிங்ஸில் கோல்பி எழுந்து ஸ்டெர்லிங்கிடம் போனான். என்னமோ சொன்னான். ஸ்டெர்லிங் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு திட்டினான். கோல்பி திரும்பி வந்து உட்கார்ந்தான். ஐந்தாவதில் மறுபடி போனான். இந்தத் தடவை ஸ்டெர்லிங் அவன் நெஞ்சுத் தட்டில் கை வைத்துத் தள்ளினான். எல்லாரும் பார்த்தார்கள். "உக்காரச் சொல்லு உன் பையனை!" என்று கேலன் மேலே பார்த்துக் கத்தினான். ராய்ஸ் பல் தெரியச் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று எனக்கும் அவன் மகனுக்கும் மட்டும்தான் தெரியும். கோல்பி அந்தச் சிரிப்பைப் பார்த்தான்.

அடுத்த பந்து வந்தது. கோல்பி பிடித்தான். எழுந்தான். பந்தைத் திருப்பி எறியவில்லை. முக மூடியைக் கழற்றி, எங்கள் கோச் உரியார்ட்டே உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, பந்தை எடுத்த வலது கையால் தன்னுடைய இடது முழங்கையைத் தொட்டுக் காட்டினான். இரண்டு தடவை காட்டினான்.

கோச் வந்து ஸ்டெர்லிங் கையை மடக்கி நீட்டினார். அவன் அலறிய அலறல் பஸ்வரைக்கும் கேட்டது.

கேலன் வேலியைப் பிடித்து உலுக்கினான். "பொறாமை புடிச்ச நாயே! ஆள் வந்து உக்காந்திருக்கிற நாளாப் பாத்துக் காட்டுறியா? தம்பியாடா நீ?"

கோல்பி வேலிக்குப் பக்கத்தில் போனான். அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "ஆமா பெரியப்பா, பொறாமைதான். அதுக்காக அவன் கை நல்லா இருக்குன்னு ஆயிடுமா?"

மார்லா கம்பளியை உதறிவிட்டு ஓடினாள். நீலத் தொப்பிக்காரன் துப்பாக்கியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். ரொட்டி பாதி அப்படியே கிடந்தது. ராய்ஸ் யாரையும் பார்க்காமல் படியிறங்கி, கார் நிறுத்தின பக்கம் போனான்.

தரையில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து பின்பக்கத்துப் புழுதியைத் தட்டினான். "நான் ஹாகன். அந்தப் பையனைப் பாக்கத்தான் வந்தேன்," என்றான்.

"பாத்துட்ட இல்ல? அவ்வளவுதான் அவன்," என்றேன்.

"என்கிட்ட இருக்கிற எல்லாப் பயலும் பொறாமைக்காரன்தான். ஒருத்தனாவது வாயால சொல்ல மாட்டானான்னு இருக்கேன்." மறுநாளே கூப்பிட்டு, டீமில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டான். ட்ரீனா போனை வைத்துவிட்டு அடுப்படி தரையில் உட்கார்ந்து அழுதாள். ராய்ஸ் "நல்லது" என்றான். அந்த ஒரு வார்த்தைதான்.

ஸ்டெர்லிங் முழங்கையில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. முழுக்கக் கிழிந்திருந்தால் வெட்டித்தான் தைக்க வேண்டியிருந்திருக்கும், இப்போது ஒரு வருஷம் சும்மா வைத்தால் தானாகக் கூடிவிடும் என்றார் டாக்டர். இதைக் கேட்டு யாரும் கோல்பி வீட்டுக்கு வந்து நன்றி சொல்லவில்லை. ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் கடையில் ட்ரீனாவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மே மாசத்தில்தான் விஷயம் கசிந்தது. நீலத் தொப்பிக்காரர்கள் ஒரு வருஷம் கழித்து வா, அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். டீம் இழுக்கவில்லை என்றானதும் காலேஜ் இடமும் போனது. நவம்பரில் வாய்ச்சொல்லைத் தவிர அவர்கள் எதுவும் தரவே இல்லை. ஊருக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று கேலன்தான் அந்த விழாவை வைத்தான். தொப்பியை அவன் காசு கொடுத்து வாங்கியிருந்தான்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மார்லா வந்தாள். கையில் ட்ரீனாவின் கேக் தட்டு. நவம்பரில் போனது, ஆறு மாசம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"குடுக்கணும் குடுக்கணும்னு மறந்தே போச்சு," என்றாள்.

"அதுக்கென்னக்கா. உக்காரு. சூப் இருக்கு."

உட்கார்ந்தாள். சூப்பைத் தொடவில்லை. ராய்ஸ் அவளை நேராகப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ட்ரீனா," என்றாள் மார்லா. "அவன் வேற எங்கயுமே போடலடி. ஒரு இடம்கூட. நான் அப்பவே சொன்னேன், ட்ரீனா பாக்குற மாதிரி நாமும் ரெண்டு பாத்து வைப்போம்னு. கேலன் ஒத்துக்கல. அது ராய்ஸ் வீட்டு வேலைன்னுட்டார்."

ராய்ஸ் பிய்ப்பதை நிறுத்தினான்.

"நான் வந்தது அவருக்குத் தெரியாது. அந்த மலைக் காலேஜ்ல... பையனுங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே..." கோல்பியைப் பார்த்தாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா அந்தக் கோச் கேப்பாராம்டா தங்கம்."

கோல்பி ஸ்பூனை வைத்தான். எழுந்தான். எழுந்து எங்கேயும் போகவில்லை, ஃபிரிட்ஜில் முதுகை வைத்து நின்றான்.

"பெரியம்மா, எனக்குன்னு ஒரு இடம் கிடைச்சிருக்கு. அவன் கிட்ட இல்லாத ஒண்ணு. மொத தடவையா."

"டேய்," என்றாள் ட்ரீனா.

"இரும்மா. நானே பேசுறேன். நீங்க கேளுங்க." போனை எடுத்து ஹாகனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தான்.

ஹாகன் எடுத்தான். கோல்பி நேராகச் சொன்னான். "சார், எங்க அண்ணன் ஸ்டெர்லிங். அன்னிக்குப் பாத்தீங்களே. அவனுக்கு இப்ப எந்தக் காலேஜும் இல்ல."

"தெரியும். கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் காத்திருந்தா அந்தக் கை தேறுமா? அவன் பந்தை ரொம்ப நாளாப் பிடிக்கிறவன் நீ. நீ சொல்லு."

"தேறும் சார். அவனை மாதிரி பிட்சர் உங்களுக்குக் கிடைக்க மாட்டான். நான் பிடிச்சதிலயே அவன் பந்துதான் பந்து." மார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா எனக்கு அவன் அங்க வேணாம்."

ட்ரீனா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வந்தா நீங்களும் அவனைத்தான் பாப்பீங்க," என்றான் கோல்பி.

"பாப்பேன்தான்," என்றான் ஹாகன். கொஞ்சம் யோசித்தான். "சரி. பந்து எறிய வேற ஒருத்தனைப் பாத்துக்கறேன். நீ ஆகஸ்ட்ல வந்து சேரு." வைத்துவிட்டான்.

மார்லா எழுந்தாள். அழவில்லை. "உங்கப்பன் மகன்டா நீ," என்றாள். ராய்ஸுக்கு அது பட்டது என்று எனக்குத் தெரியும். அவன் ரொட்டித்துண்டைத் தட்டில் போட்டான்.

"மார்லா, உக்காரு," என்றான் ராய்ஸ். அந்த வீட்டில் அவன் அவள் பேரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். "ட்ரீனா, அந்த ஆத்தங்கரைக் காலேஜ் என்னாச்சு?"

ட்ரீனா அவனையே பார்த்தாள். பிறகு போனைத் தன் பக்கம் இழுத்தாள். "அவங்களுக்கு இடது கைக்காரன் வேணும்னாங்க. மே கடைசி வரைக்கும் இடம் குடுப்பாங்க. அக்கா, நாளைக்கு மெஸ்ஸுக்கு வா. ஆனா நீ பேசாத, நானும் பேச மாட்டேன். பையனைக் கூட்டிட்டு வா, அவன் பேசணும். மொதல்லயே கை விஷயத்தைச் சொல்லிடணும், மறைக்கக் கூடாது."

அக்கா தங்கை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கோல்பி ஃபிரிட்ஜிலேயே சாய்ந்து நின்றான். சூப் ஆறிப்போனது.

ஆகஸ்ட் கடைசி. வெங்காயம் கிளப்பித் தரையில் காயப்போட்டிருந்தார்கள், ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ராய்ஸால் நிலத்தை விட்டு நகர முடியாது. நான்தான் என் பழைய டிரக்கில் கோல்பியைக் கொண்டுபோய் விட்டேன். கிளம்பும்போது ராய்ஸ் ஒரு சாக்கு வெங்காயத்தைப் பின்னால் தூக்கிப் போட்டு, "உங்க கோச்சுக்கு," என்றான். "எவ்வளவு பெரிசுன்னு பாக்கச் சொல்லு. இது கேலன் ஷெட்ல தரம் பிரிச்சது இல்ல, நான் பிரிச்சது."

மலை மேல் குளிர்ந்தது. காலேஜ் எங்கள் பள்ளிக்கூடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மைதானத்தைச் சுற்றிப் பைன் மரம். ஹாகன் வந்து சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு போனான். மெத்தையையும் பெட்டியையும் அறையில் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தோம். யாரோ ஒரு பையன் பந்து எறிய, கோல்பி குந்த வைத்துப் பிடித்துப் பார்த்தான். பத்துப் பந்து இருக்கும். எழுந்து வந்து டிரக் மட்கார்டில் உட்கார்ந்தான்.

"எப்படி?" என்றேன்.

"பரவால்ல. வருது." சாய்ந்த விரலைத் தேய்த்துக்கொண்டான். "கடிக்கல."

போன் ஒலித்தது. ஸ்டெர்லிங் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அன்றைக்குக் கோல்பி வேலியோரம் பேசினதற்குப் பிறகு அவன் அனுப்பின முதல் சேதி, அதில் எழுத்து ஒன்றும் இல்லை. அவனுக்கு இடம் கிடைத்த ஆற்றங்கரைக் காலேஜ் மைதானம். பச்சைப் புல். ஓரத்தில் புதுசாகக் கட்டின உட்காருமிடம். நாலு மூலையிலும் உயரமான விளக்குக் கம்பம். நடுவில் அவன், கையில் கட்டோடு, இன்னொரு கையால் ஆற்றைக் காட்டிக்கொண்டு சிரித்தான்.

கோல்பி ரொம்ப நேரம் பார்த்தான். இரண்டு விரலால் பெரிசாக்கி, ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மரங்களுக்கு மேலே பார்த்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே கம்பமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அம்மா நல்லதை அவனுக்குக் குடுத்துட்டா பெருசு."

"நீதானடா அது வேணாம்னே?"

"நான் வேணாம்னேன்." மட்கார்டிலிருந்து குதித்து முக மூடியை எடுத்தான். "அவனுக்குக் குடுக்கச் சொன்னேனா?"

மாட்டிக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் இன்னும் கொஞ்சம் பிடிக்கப் போனான்.